சாவியில்லாமல் கழற்றிய நட்டு

போன மாதம் கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு புதுக் கார் வந்தது. சக்கரத்தை யாரும் திருடிவிடாமல் இருக்க, இந்தக் காலத்து வண்டிகளில் சக்கரத்துக்கு ஒரு நட்டு மட்டும் வேறு வடிவத்தில் போட்டிருப்பார்கள். அதற்கென்று உள்ள சாவியை வைத்தால்தான் கழலும். வண்டிக்காரர் அந்தச் சாவியைத் தொலைத்துவிட்டார். மூன்று மெக்கானிக்குகள் ஆளுக்கொரு யோசனை சொல்லி, மூன்றும் பலிக்காமல், ரோட்டைத் தாண்டி வந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

நட்டைவிட ஒரு நூல் சிறிதான சாக்கெட்டை அதன் தலையில் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றச் சொன்னேன். நீளக் கம்பி போட்டுத் திருப்பச் சொன்னேன். கழன்றுவிட்டது. பத்து நிமிஷ வேலை. "எங்கீங்க கத்துக்கிட்டீங்க இதையெல்லாம்?" என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தால் தங்கள் சங்கத்து மலரில் போடுவதாகவும் சொன்னார்கள். தொழில் நுணுக்கம் மட்டும் இருந்தால் போதுமாம். எழுத உட்கார்ந்தால் அது மட்டும் தனியாக வரமாட்டேன் என்கிறது. வேண்டாததை அவர்களே வெட்டிக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் பெருமாட்டி. அண்ணன்மார் மூன்று பேர் இருக்கும் வீட்டில் நாலாவது பையனுக்கு ஏர் பிடிக்க இடமிருக்காது. பொள்ளாச்சியில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் இருந்தேன். கற்றதைவிட வாங்கிய திட்டு அதிகம். அங்கிருந்து எழுபதுகளின் தொடக்கத்தில், குமுளி மலையில் சக்குபள்ளம் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் ஷெட்டுக்கு மெக்கானிக்காகப் போனேன். இரண்டு ஜீப், ஒரு டிராக்டர், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு டீசல் எஞ்சின். இவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

ராஜா வேறு ஆள். ஃபோர்மேன் முத்துப்பாண்டி. மதுரைப் பக்கத்துக் குடும்பம், தாத்தா காலத்திலேயே மலையேறியவர்கள். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். ஆனால் ஷெட்டுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வருவார், மாலையில் அதே வெள்ளையோடு போவார். எப்படி என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. சத்தம் போட்டுத் திட்டத் தெரியாத மனிதர். கோபம் வந்தால் துடைப்பத்தை எடுத்து ஷெட்டைத் தானே கூட்ட ஆரம்பிப்பார். அவர் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம். ஷெட்டின் தகரக் கதவில் சாக்பீஸால் ஒரே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார்: 'ஸ்டெப்னி இல்லாத வண்டி மலை இறங்காது.' மழையில் அழிந்தால் மறுபடி எழுதுவார்.

டயர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. குமுளிச் சந்தையில் ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள் சக்கரம் போய்விடும். எங்கள் தோட்டத்து ஜீப் ஒன்றும் ஒருநாள் நாலு கல்லின் மேல் நின்றது. முத்துப்பாண்டி அன்றைக்கு ஷெட்டை மூன்று தடவை கூட்டினார். மறுநாள் லேத்தில் உட்கார்ந்து பூட்டு நட்டுக் கடைய ஆரம்பித்தார்.

அவர் செய்த நட்டைச் சொல்லியாக வேண்டும். தலை அறுகோணமாக இல்லாமல் உருண்டையாக, வழவழவென்று இருக்கும். எந்த ஸ்பேனருக்கும் பிடி கிடைக்காது. முகத்தில் மூன்று துளைகள், மூன்றும் ஒன்றுக்கொன்று சமதூரத்தில் இல்லை. அந்த மூன்றிலும் பொருந்துகிற மூன்று முளைகள் உள்ள குழாய்த் துண்டுதான் சாவி. உளி வைத்து வெட்டாமல் இருக்க, ஒவ்வொரு நட்டையும் உலையில் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி டெம்பர் ஏற்றினார். குறடு பிடித்து முக்கியவன் நான். சக்கரத்துக்கு ஒன்று வீதம் போட்டோம். சாவி மொத்தம் இரண்டு. ஒன்று அவர் இடுப்பில், ஒன்று வெளியே போகும் ஜீப்பின் டேஷ்போர்டு பெட்டியில். சாவியைப் பெட்டியிலேயே வைத்தால் திருடன் எடுக்க மாட்டானா என்று கேட்டேன்.

"எடுத்தாலும் அது என்னன்னு அவனுக்குத் தெரியாதுய்யா. உனக்கே நான் சொல்லித்தான தெரியும்" என்றார்.

அந்த டெம்பர் ஏற்றிய நாளில்தான் என் கண்ணில் இரும்புத் தூசி விழுந்தது. ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினேன். புதிதாக ஒரு நர்ஸ் வந்திருப்பதாகச் சொன்னார்கள், பார்த்ததில்லை. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார்கள். குரல் மட்டும் கேட்டது.

"ஏனுங்க, சித்தெ ஆடாம இருங்க. கண்ணைத் தொறந்தாத்தானுங்க எடுக்க முடியும்."

எனக்கு வலி மறந்துபோயிற்று. தோட்டத்தில் எல்லோரும் பேசுவது தெற்கத்தித் தமிழ். மூன்று வருஷமாக என் 'ங்க'வைக் கேட்டு, தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் என்னை 'வாங்க போங்க மாமா' என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். இங்கே ஒருத்தி, கண்ணுக்குள் பஞ்சை விட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுப் பேச்சுப் பேசுகிறாள்.

"நீங்க எந்த ஊருங்க?" என்றேன்.

"கொல்லங்கோடுங்க. பேசாம இருங்கன்னனல்ல."

அவள் பெயர் கனகமணி. அப்பா நிலம் நீச்சு உள்ளவர். நர்ஸ் படிப்பு படித்தே தீருவேன் என்று சண்டை போட்டுப் படித்து, சண்டை போட்டே மலைக்கு வேலைக்கும் வந்தவள். அதன்பிறகு எனக்கு அடிக்கடி கையில் காயம் பட்டது. மெக்கானிக்குக்குக் காயம் படுவது சகஜம்தான், ஆனால் கம்பவுண்டருக்கே சந்தேகம் வருகிற அளவுக்குப் பட்டது. ஊரில் மழையா, நெல் அறுத்தாயிற்றா, சித்தூர்த் தேர் எப்போது என்று கட்டுப் போடும் நேரத்துக்குள் பேசி முடிப்போம். பூட்டு நட்டு, மூன்று முளைச் சாவி என்று ஷெட்டு விஷயத்தையும் பெருமையாகச் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. நிலமில்லாத நாலாவது பையன், கிரீஸ் கை. என்ன தைரியத்தில் பேசுவேன்? ஆனால் அந்த ஒன்றரை வருஷம் காலையில் எழுந்ததும் இன்றைக்கு அவளைப் பார்ப்போமா என்றுதான் முதலில் நினைப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் காலை முத்துப்பாண்டி கூப்பிட்டார்.

"டிரைவருக்குக் காய்ச்சல். நர்ஸம்மாவக் குமுளியில கொண்டுபோய் ரெண்டு மணி பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு வந்துரு. ஊருல நாளைக்குக் காலையில பொண்ணு பாக்க வர்றாங்களாம். அந்த பஸ்ஸ விட்டா போய்ச் சேர முடியாதுல்ல."

சரி என்றேன்.

ஜீப்பில் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு துணிப்பை. ஏலக்காட்டு வழியில் கொஞ்ச தூரம் போனோம். பிறகு அவளாகவே சொன்னாள்.

"பத்து மணிக்கு வர்றாங்களாமுங்க. அந்த மாப்பிள்ளையோட அப்பா நெம்பக் கறார்க்காரர். வந்து பார்த்துப் பொண்ணு இல்லீன்னா மறுக்கா அந்த வாசப்படி மிதிக்க மாட்டாராம். எங்கப்பா கடுதாசியில ரெண்டு தடவை எழுதீருக்கறாரு."

"கவலைப்படாதீங்க. பஸ்ஸப் புடிச்சுப்போடலாமுங்க" என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

குமுளிக்கு ஐந்தாறு மைல் இருக்கும்போது, பதினொன்றரை மணிக்கு, முன்னால் இடப்பக்கச் சக்கரம் பஞ்சர். இறங்கிப் போய்ப் பார்த்தேன். லாடத்து ஆணி, தலை வரைக்கும் ஏறியிருந்தது. ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட்டுச் சாவி எடுக்க டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். இல்லை. துணி, பியூஸ் கம்பி, ஒரு பழைய பிளக் எல்லாம் இருந்தன. புறப்படும்போது நானே பார்த்த சாவி மட்டும் இல்லை. சீட்டுக்கு அடியில், மிதியடியில், டூல்ஸ் பையில் தேடினேன். அவளும் இறங்கி நின்று தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காணலீங்களா? அப்ப என்ன பண்றதுங்க?"

"இன்னொண்ணு ஃபோர்மேன்கிட்டத்தானுங்க இருக்குது."

"நடந்து போய் வாங்கியாரலாமுங்களா? நானும் கூட வர்றனுங்க. ரெண்டு பேருமா நடந்தாப் போச்சு."

"பொட்டியோட குமுளிக்கும் நடக்க முடியாதுங்க. ஷெட்டுக்கு ஏழெட்டு மைலுங்க. போய்ட்டு வாரதுக்குள்ள பஸ் போயிருமுங்களே."

"போனாப் போகுதுங்க" என்றாள்.

எனக்கு அது தைரியமாகப் பேசுகிற பேச்சாகத் தெரிந்தது. இந்தப் பெண் நமக்காக இப்படிச் சொல்கிறாள், நாம் விடக்கூடாது என்று தோன்றியது. சட்டையைக் கழற்றி பானெட்டின் மேல் போட்டேன்.

மலர்க்காரர்கள் கேட்ட பகுதி இதுதான். முதலில், ஜாக்கி போடக்கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போதுதான் நட்டு திரும்பும், இல்லாவிட்டால் சக்கரம்தான் திரும்பும். இரண்டாவது, மற்ற நாலு நட்டுகளையும் தளர்த்தாமல், இன்னும் கால் சுற்று இறுக்க வேண்டும். அப்போது பூட்டு நட்டின் மேல் இருக்கும் பாரம் குறையும். மூன்றாவது, அந்தக் கால ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரைத் திருகு தலைகீழ். வலப்பக்கச் சக்கரத்து நட்டுகளைக் கழற்ற இடப்புறமாகத் திருப்புவோம், இதை வலப்புறமாகத் திருப்ப வேண்டும். சாதாரண நட்டு என்றால் தலையில் அடையாளம் வெட்டியிருக்கும். முத்துப்பாண்டியின் உருண்டை நட்டில் ஓர் அடையாளமும் கிடையாது. அவசரத்தில் மாற்றித் திருப்பினால் அப்புறம் ஆண்டவனாலும் கழற்ற முடியாது. இவை எல்லாம் எனக்கு அன்று நன்றாக நினைவில் இருந்தன. நினைவில் இல்லாமல் இருந்திருக்கலாம்.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சுற்றிலும் மெல்லத் தட்டினேன். பாக்ஸ் ஸ்பேனரை அடித்து ஏற்றினேன், வழுக்கி விழுந்தது. உளியை முகத்தில் வைத்து அடித்தேன். நட்டில் கீறல்கூட இல்லை, உளியின் வாய்தான் மடங்கியது. டெம்பர் அப்படி. கை நழுவிச் சக்கரத்தின் விளிம்பில் இடித்து முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது.

"காட்டுங்க" என்று கையைப் பிடித்தாள். துணிப்பையிலிருந்து பஞ்சும் கட்டுத் துணியும் எடுத்தாள். ரோட்டோரக் கல்லில் என்னை உட்காரவைத்து, கழுவி, மருந்து வைத்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிரித்து மறுபடியும் ஒரு சுற்று என்று நிதானமாகக் கட்டினாள். டிஸ்பென்சரியில் இதே காயத்துக்கு அரை நிமிஷம்தான் எடுப்பாள்.

"அந்த மாப்பிள்ளைக்கு நாப்பது ஏக்கராமுங்க" என்றாள் கட்டிக்கொண்டே. "அங்க போனா வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்களாம்."

"மணி பன்னெண்டே கால் ஆகுதுங்க" என்றேன் நான்.

"உங்களுக்கு ஒண்ணும் தோணலீங்களா?"

தோன்றியது. அந்த நிமிஷம் பார்த்து எனக்கு ஒன்று தோன்றித் தொலைத்தது. நட்டைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது நான் குறட்டால் பிடித்திருந்தேன் அல்லவா, குறடு கவ்வியிருந்த இடத்தில் எண்ணெய் பட்டிருக்காது. அங்கே மட்டும் டெம்பர் ஏறியிருக்காது. இந்த உலகத்தில் அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். கட்டை முடிக்க விடாமல் எழுந்து ஓடினேன்.

அரத்தை எடுத்து நட்டின் பக்கவாட்டில் சுற்றிலும் தேய்த்துப் பார்த்தேன். கண்ணாடியில் தேய்ப்பதுபோல வழுக்கிக்கொண்டே போன அரம், அடிப்பக்கம் ஓரிடத்தில் கரகரவென்று பிடித்தது. அங்கே உளியை நேராக வைத்து நாலு அடியில் ஒரு வெட்டு வெட்டினேன். பிறகு உளியைச் சாய்த்து, வெட்டில் ஊன்றி, வலப்புறமாக அடித்தேன். பத்து அடி, இருபது அடி. இருபத்தைந்தோ முப்பதோ, 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நட்டு மயிரிழை நகர்ந்தது. அதற்கு மேல் கையாலேயே திருகிக் கழற்றினேன்.

என்ன சந்தோஷம் அப்போது எனக்கு! நட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். அவள் கல்லில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். கட்டுத் துணியின் மீதி அவள் மடியில் சுருளாக இருந்தது.

"கழட்டிப்போட்டீங்க" என்றாள்.

ஒன்றரைக்கெல்லாம் குமுளி. டிரங்குப் பெட்டியை பஸ்ஸின் மேல் ஏற்றி, வெயில் படாத பக்கமாக ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். முறுக்குப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கம்பத்தில் இறங்கி எந்த பஸ், பழனியில் எந்த பஸ், பொள்ளாச்சிக்கு விடியற்காலை எத்தனை மணிக்குப் போகும் என்று எல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் சொல்கிறோம் என்றே நினைத்தேன்.

"வேற ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?" என்றாள்.

"பழனியில பஸ் மாறறப்ப பொட்டியப் பத்தரமாப் பார்த்துக்குங்க."

டிரைவர் எஞ்சினை முடுக்கினார். பஸ் நகர ஆரம்பித்தபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையில் எதையோ வைத்து அழுத்தினாள். அவள் கண் நிறைந்திருந்தது, உதடு சிரித்தது.

"நீங்க இத்தனை கெட்டிக்காரரா இருந்திருக்க வேண்டாமுங்க."

பஸ் எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டி வளைவில் மறைந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். மூன்று முளை வைத்த குழாய்த் துண்டு. அவள் கைச்சூடு அதில் இன்னும் இருந்தது.

ஜீப் என்னிடம் இருந்தது. பெட்ரோல் இருந்தது. மலைப்பாதையில் கனத்த பஸ்ஸை எட்டிப் பிடிப்பது ஒரு ஜீப்புக்குப் பெரிய காரியமில்லை. ஓடிப்போய் ஏறி எஞ்சினையும் முடுக்கிவிட்டேன். அப்போதுதான் பின்னால் கிடந்த பஞ்சர் சக்கரத்தைப் பார்த்தேன். ஸ்டெப்னி முன்னால் மாட்டியாகிவிட்டது. கதவில் சாக்பீஸில் எழுதியிருந்த எழுத்து அப்படியே கண்ணில் வந்து நின்றது. வண்டியைத் திருப்பி பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன்.

"ஒட்டி ஆறணும்ண்ணே, ஒரு மணி நேரமாவது ஆகும்" என்றார் கடைக்காரர். பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அந்த ட்யூபையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டி முடித்தபோது கம்பத்துக்குப் போயிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது, அவள் அங்கிருந்து வேறு பஸ் ஏறியிருப்பாள். நான் மலைப்பக்கமாக வண்டியைத் திருப்பினேன்.

"புள்ள பஸ்ஸப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டார் முத்துப்பாண்டி. பிடித்துவிட்டாள் என்றேன். சாவி தொலைந்துவிட்டது என்றேன். வெட்டிய நட்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறடு பிடித்த இடத்தைக் கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, எனக்கே தோணலையேய்யா. கெட்டிக்காரன்தான் நீ."

அந்தச் சொல்லை அன்றைக்கு இரண்டாவது தடவை கேட்டேன். பாராட்டிவிட்டு, சாவியைத் தொலைத்ததற்காகத் துடைப்பத்தை எடுத்துக் கூட்டவும் கூட்டினார். நட்டை ஒரு கம்பியில் கோத்து ஷெட் சுவரில் மாட்டி, வருகிறவர்களிடம் எல்லாம் என் சாமர்த்தியத்தைச் சொன்னார். என் டிராயர் பையில் சாவி கனத்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டதாகக் கம்பவுண்டருக்குக் கடிதம் வந்தது. அந்த நாற்பது ஏக்கர் வீட்டில் அவளை வேலைக்கு அனுப்பவில்லை என்று பிற்பாடு ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். சண்டை போட்டுப் படித்த பெண்.

எனக்கும் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், நன்றாகவே இருக்கிறோம். இந்தக் கட்டுரையை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நீங்க அந்த நட்டக் கழட்டாம உட்டிருந்தா எனக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை கெடைச்சிருப்பான், கெடுத்துப்போட்டீங்க" என்றாள். சிரித்தோம். அப்புறம் அவள் உள்ளே போய், கேட்காமலே எனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

முத்துப்பாண்டியின் சட்டத்தில் தப்பில்லை. அந்த மலையில் ஸ்டெப்னி இல்லாமல் இறங்கி நட்டநடு வழியில் மாட்டிக்கொண்டவர்களை நானே போய்க் கொண்டுவந்திருக்கிறேன். நாற்பது வருஷம் நானும் அதை மீறியதில்லை. ஆனால் இந்த வயதில், சும்மா இருக்கும் நேரங்களில், மனசு அந்த ஜீப்பை எடுத்துக்கொண்டு கம்பத்து மலையில் இறங்கிவிடுகிறது. மூன்றாவது வளைவுக்குள் பஸ்ஸை மறித்து அவளை இறக்கிக்கொள்கிறேன். திரும்பும் வழியில் இன்னொரு சக்கரமும் பஞ்சர் ஆகிறது. மாற்ற ஸ்டெப்னி இல்லை. ஆகட்டுமே. இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறோம். என்ன பண்றதுங்க என்று அவள் கேட்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிறேன்.